கீப்பருக்கு மெரூன் கிடையாது

கால்பந்தில் கோல்கீப்பர் தன் அணியின் நிறத்தைப் போடக் கூடாது. தன் அணி, எதிரணி, நடுவர் என்று எல்லோரிடமிருந்தும் தனித்துத் தெரிகிற ஒரு நிறத்தில்தான் நிற்க வேண்டும். பந்தைக் கையால் தொடும் உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு என்பதால், அந்த ஒருத்தி யார் என்று நடுவருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். நியாயமான சட்டம்தான். அந்த நியாயத்தை நினைத்து நான் மூன்று வருஷம் பொருமிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லூரி கன்டோன்மென்ட் பக்கம், சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் கல்லூரி. எங்கள் அணியின் நிறம் மெரூன். வேறு கல்லூரிகளில் ஜெர்ஸி என்பது ஒரு துணி. எங்களிடம் அதற்கு ஒரு விழாவே உண்டு. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, காலைப் பிரார்த்தனை முடிந்ததும், பிரின்சிபல் சிஸ்டர் மேடையில் நின்று ஒவ்வொருத்தி பேராகக் கூப்பிட்டு மெரூனைக் கொடுப்பார். இரண்டு கையாலும் வாங்க வேண்டும். முதல் மேட்சுக்கு முன்னால் போட்டுப் பார்க்கக் கூடாது. மெரூனோடு பஸ்ஸில் ஏறக் கூடாது, ஜூஸ் கடை வாசலில் நிற்கக் கூடாது, அண்ணன் தம்பிக்கு இரவல் கொடுக்கக் கூடாது. வாஷிங் மெஷினில் போடக் கூடாது. தனியாகக் கையால் அலசி நிழலில்தான் காயப் போட வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தையாவது மீறலாம், இதை மீற முடியாது. மூன்றாம் வருஷக் கடைசியில் அவரவர் மெரூன் அவரவருக்கே சொந்தம்.

கீப்பருக்கு விழா கிடையாது. ஸ்போர்ட்ஸ் ரூமில் அட்டெண்டர் அக்கா அலமாரியைத் திறந்து, "இந்தா, இது உன்னுது" என்று ஒரு பச்சை ஜெர்ஸியைக் கையில் திணித்தாள். எனக்கு முந்தைய கீப்பர் போட்டது. அவளுக்கு முந்தையவளும் போட்டிருக்கலாம். முதுகில் ஒன்றாம் எண் பாதி உரிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை என் தோழிகள் ஒவ்வொருத்தியாக மேடை ஏறினார்கள். நான் கீழே நின்று கை தட்டினேன். நன்றாகவே தட்டினேன், வயிற்றெரிச்சலோடு.

இன்னொரு வழக்கமும் உண்டு. வருஷத்தின் கடைசி மேட்ச் அன்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைதானத்திலேயே அணிப் படம் எடுப்பார்கள். எதைப் போட்டு ஆடுகிறோமோ அதைப் போட்டுத்தான் படத்தில் நிற்க வேண்டும். அந்தப் படங்களைச் சட்டம் போட்டு ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். எல்லாப் படத்திலும் பத்து மெரூன். ஓரத்தில் ஒரு பச்சை, இல்லாவிட்டால் ஒரு சாம்பல். ஒருமுறை அம்மா என் அட்டெண்டன்ஸ் குறைந்த விஷயமாகக் கல்லூரிக்கு வந்தபோது, வராந்தாவில் நின்று என்னுடைய முதல் வருஷப் படத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். "இது யாருடி ஓரத்துல, வேற காலேஜா?" என்றாள். பெற்ற தாய்.

நான் கீப்பரானதே ஒரு வேடிக்கைதான். எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில்கூட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். ஈஜிபுராவில் எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். அதற்குள்ளேயே நான் நடக்கிற நடையில் அம்மாவுக்குத் தலை சுற்றும். செலக்‌ஷன் அன்று எங்கள் பி.டி. மேடம் என் ஓட்டத்தைப் பார்க்கவில்லை, என் கையின் நீளத்தைப் பார்த்தார். போய் கோலில் நில் என்றார். அன்று முதல் ஒரு போஸ்டிலிருந்து இன்னொரு போஸ்டுக்குப் பத்து எட்டு, திரும்பிப் பத்து எட்டு. ஆட்டம் மறுபக்கம் நடக்கும்போது எனக்கு வேறு வேலை இல்லை. நடந்துகொண்டே என் அணியைப் பின்னாலிருந்து பார்ப்பேன். மூன்று வருஷம் நான் அந்த மெரூனை முதுகுப்பக்கமாகவே பார்த்தேன்.

அதிகம் பார்த்த முதுகு எங்கள் கேப்டனுடையது. நான்காம் எண். தடுப்பாட்டத்தில் எனக்கு நேர் முன்னால் நிற்பவள். மல்லேஸ்வரத்துப் பெண், நான்கு தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். என்னிடம் தமிழ், நடுவரிடம் கன்னடம், கோபம் வந்தால் இரண்டிலும் மௌனம். எதற்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "ஹோக்லி பிடு." போகட்டும் விடு. பஸ் போய்விட்டதா, ஹோக்லி பிடு. இன்டர்னலில் மார்க் போய்விட்டதா, ஹோக்லி பிடு. நான் ஒரு கோலை விட்டுவிட்டுப் பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு கொதித்துப் போய் நிற்பேன். திரும்பிப் பார்த்து அதையே சொல்வாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். விட முடிகிறவர்களுக்கு விடுவது சுலபம்.

எங்கள் அணி மைதானத்தில் கத்தாது. அது பி.டி. மேடத்தின் பயிற்சி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிரணிக்கும் காது உண்டு, கலரைப் பார்த்துக் கொடு என்பார். தினமும் காலையில் அரை மணி நேரம் இதே வேலை. தலையைத் தூக்காதே, கண் ஓரத்தில் என்ன கலர் தெரிகிறது? மெரூன் தெரிந்தால் அது ஓடி வருகிற நம் ஆள். அவளுக்கு இரண்டடி முன்னால் கொடு. பச்சை தெரிந்தால் அது கீப்பர். கோலுக்கு வெளிப்பக்கமாக மெதுவாகக் கொடு, கீப்பர் தவறவிட்டாலும் பந்து வலைக்குள் போகாது. "மெரூன்னா முன்னால, பச்சைன்னா வெளியில." வாய்ப்பாடு மாதிரி சொல்ல வைத்தார். மூன்றாம் வருஷத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரிகள் யோசிப்பதையே விட்டுவிட்டார்கள். கால்களே பார்த்துக்கொண்டன.

அந்த வருஷம் இன்டர்காலேஜில் ஃபைனல் வரை வந்துவிட்டோம். எங்கள் கல்லூரிக்கு அது பெரிய விஷயம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதுதான் என் கடைசி மேட்ச், அன்று எடுப்பதுதான் என் கடைசிப் படம். படத்துக்கு மட்டுமாவது மெரூன் போட்டுக்கொள்கிறேன் என்று பி.டி. மேடத்திடம் கேட்டுப் பார்த்தேன். ஆடுகிற உடையில்தான் படம், அதில் மாற்றமில்லை என்றார். பச்சைக்கு என்ன குறைச்சல் என்றும் கேட்டார். என்ன குறைச்சல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கேட்டால் சொல்வேன். பத்துப் பேர் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல நிற்கும்போது நான் மட்டும் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி போல நிற்கிறேன் என்று. எனக்கு அந்த வீட்டுக்குள் போக வேண்டும். அவ்வளவுதான். சின்ன ஆசைதான், ஆனால் அது என்னை உட்கார விடவில்லை.

ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்பு மேனேஜர்கள் கூட்டம். பி.டி. மேடத்துக்குத் தேர்வு அறை மேற்பார்வை வேலை இருந்ததால், ஸ்போர்ட்ஸ் செக்ரெட்டரி என்ற முறையில் என்னை அனுப்பினார். ஒரு பழைய ஹால், நீள மேசை, டீ, கிரீம் பிஸ்கட். நேரம், பந்து, ஆட்கள் பட்டியல் எல்லாம் பேசி முடித்து ஆளுக்கொரு ஃபார்ம் நீட்டினார்கள். அதில் இரண்டு கட்டம். ஆட்டக்காரர்களின் நிறம். கீப்பரின் நிறம். எதிரணி மேனேஜர் எழுதி முடித்துவிட்டார், நான் எட்டிப் பார்த்தேன். ஆட்டக்காரர்கள் மஞ்சள், கீப்பர் நீலம். நடுவர் கறுப்பு. எங்கள் மெரூன் யாரோடும் மோதவில்லை.

நான் எழுத வேண்டியது மெரூன், பச்சை. நான் எழுதியது வெள்ளை, மெரூன்.

கை தானாக எழுதிவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. பிஸ்கட் தின்று முடிக்கும் நேரம் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். எங்களிடம் மாற்றுக்கு ஒரு வெள்ளை செட் இருந்தது. அணி வெள்ளையில் ஆடினால் மெரூன் யாருக்கும் சொந்தமில்லாத நிறமாகிவிடும், கீப்பர் போடலாம். சட்டப்படி ஒரு தவறும் இல்லை. மூன்று வருஷம் என்னை ஓரத்தில் நிறுத்திய அதே சட்டம் அன்று எனக்கு வழி விட்டது. போட்டி ஒருங்கிணைப்பாளர் பார்த்தார், எந்த நிறமும் மோதவில்லை என்று தலையாட்டினார், முத்திரை குத்தினார். கொடுத்த ஃபார்மை இனி மாற்ற முடியாது என்றும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். நடக்க நடக்கப் பொய் தயாரானது. பயிற்சிக்குக் கூடியிருந்தவர்களிடம் சொன்னேன்: எதிரணி இந்த வருஷம் புது செட் வாங்கியிருக்கிறதாம், அடர் பச்சை. அடர் பச்சையும் மெரூனும் தூரத்தில் ஒன்றுபோல் தெரியும், அதனால் ஒரு அணி வெளிர் நிறத்தில் ஆட வேண்டுமாம். நாம் வெள்ளை. என் பச்சையும் அவர்கள் பச்சையோடு மோதுகிறது, அதனால் எனக்கு மட்டும் மெரூனாம். ஓட்டைப் பொய். மெரூனும் பச்சையும் ஒன்றுபோல் தெரியும் என்றால் மெரூன் போட்ட கீப்பர் மட்டும் எப்படித் தனியாகத் தெரிவாள்? யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் வெள்ளைதான் அதிர்ச்சி. எங்களுக்கு முன்னால் எப்போதோ ஒருமுறை அந்த வெள்ளை செட்டைப் போட்டு மூன்று கோல் வாங்கித் தோற்றார்களாம்; அதிலிருந்து அது அலமாரியின் கீழ்த்தட்டில் மூட்டையாகக் கிடந்தது. ஒருத்தி அழுதே விட்டாள். மெரூன் இல்லாமல் ஃபைனலா என்று மேடத்தைச் சுற்றிக்கொண்டார்கள். மேடம் என்னைத் திட்டவில்லை, ஒருங்கிணைப்பாளர்களைத் திட்டினார்.

கேப்டன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வழக்கமானதைச் சொன்னாள்.

எனக்கு ஒரு மெரூன் வேண்டுமே. அலமாரியில் பதினாறாம் எண் இருந்தது. அந்த வருஷம் பாதியில் முட்டி போய் அணியை விட்டு விலகிய ஒரு பெண்ணுடையது. சாவி என்னிடம்தான். வீட்டுக்கு எடுத்துப் போனேன். மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்க அம்மா கீழே போயிருந்த நேரத்தில் பாத்ரூமில் போட்டுப் பார்த்தேன். மேட்சுக்கு முன்னால் போட்டுப் பார்க்கக் கூடாது என்ற விதி அதற்குள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் பாத்ரூம் கண்ணாடி முகம் பார்க்கிற அளவுதான். எட்டிக் குதித்தும் கழுத்துக்குக் கீழே ஒரு சாண்தான் தெரிந்தது. அந்த ஒரு சாண் எனக்குப் பிடித்திருந்தது.

ஃபைனல் அன்று பஸ் முழுக்க பாச்சை உருண்டை வாசனை. வெள்ளை செட்டை எத்தனை முறை அலசியும் போகவில்லை. மைதானத்தில் இறங்கி, நடுவர் எங்கள் சாக்ஸைப் பார்த்து, சாக்ஸ் மேல் ஒட்டிய டேப் அதே நிறத்தில் இருக்கிறதா என்றுகூடப் பார்த்து முடித்த பிறகு எதிரணி வந்தது. மஞ்சள். தலை முதல் கால் வரை மஞ்சள்.

எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கையுறையை மாட்டிக் கழற்றி மாட்டினேன். புது செட் வந்து சேரவில்லையோ என்னவோ என்று முனகினேன். மேடம் நேராக ஒருங்கிணைப்பாளர் மேசைக்குக் கிளம்பினார். கேப்டன் அவரைத் தடுத்து, "நான் கேட்டுட்டு வரேன் மேடம்" என்று போனாள். அவள் அந்த மேசை மேல் குனிந்து ஃபார்மைப் படிப்பதை நான் இருபது அடி தூரத்திலிருந்து பார்த்தேன். அதில் என் கையெழுத்து இருந்தது. என் எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும், மூன்று வருஷம் என் நோட்டைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதினாள். திரும்பி வந்தாள். ஃபார்மில் அப்படித்தான் இருக்கிறது, இனி மாற்ற முடியாதாம் என்று மேடத்திடம் சொன்னாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. போய் வார்ம் அப் பண்ணுங்கள் என்று எல்லோரையும் விரட்டினாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

படம் எடுக்க வந்தவர் எங்கள் வழக்கம் தெரியாதவர். வெள்ளைக்கு நடுவில் ஒரு மெரூன் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. நடுவில் எப்போதும் கேப்டன்தான் நிற்பாள். அவளை ஓரத்துக்குப் போகச் சொல்லிவிட்டு என்னை நடுவில் நிறுத்தினார். அவள் போய் நின்றாள். மூன்று வருஷம் நான் நின்ற இடம்.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் கல்லூரிப் பெண்கள் கேலரியில் கத்த ஆரம்பித்தார்கள். எங்களுக்கு ஒரே கோஷம்தான், "மெரூன், மெரூன்." அன்று மைதானத்தில் மெரூன் நான் ஒருத்திதான். பந்து மறுகோடியில் இருக்கிறது, யாரோ நன்றாக ஆடுகிறார்கள், கோஷம் என் மேல் வந்து விழுகிறது. போஸ்டுக்குப் போஸ்ட் நடந்தேன். பத்து எட்டில் நடந்த தூரம் ஒன்பதில் முடிந்தது, பிறகு ஏழில். ஆசைப்பட்டது உடம்பில் இருக்கிறது, அது ஊசி போட்ட இடம் போலக் கடுத்துக்கொண்டே இருந்தது. கழற்றிப் போட்டுவிட்டுப் பச்சையைப் போட்டுக்கொள்ளலாம் என்றால் பச்சை வீட்டில் கிடந்தது.

இரண்டாம் பாதி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் பாக்ஸின் இடது ஓரத்தில் பந்து கேப்டனின் காலில் இருந்தது. முகம் எங்கள் கோலைப் பார்த்து. பின்னால் இரண்டு மஞ்சள். நான் அவளுக்கு உதவ நான்கு எட்டு முன்னால் வந்து நின்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டாம் என்றுதானே மூன்று வருஷம் பழகினோம். கண் ஓரத்தில் என்ன தெரிந்ததோ அதற்கு அவள் கால் பதில் சொன்னது. இரண்டடி முன்னால், நல்ல வேகத்தில், ஓடி வருகிற ஆளுக்குக் கொடுக்கிற அருமையான பாஸ். நான் ஓடி வரவில்லை. நின்றுகொண்டிருந்தேன். பந்து என் காலுக்கும் போஸ்டுக்கும் நடுவில் போய் வலையில் உட்கார்ந்தது.

ஒன்று பூஜ்யம். அதுவே கடைசி வரை நின்றது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் கேப்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அவள் சாக்ஸை உருட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மெரூன் தெரிஞ்சுது," என்றாள். "முன்னால குடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று ஹோக்லி பிடு வரவில்லை.

கல்லூரியில் அது கேப்டனின் ஸெல்ஃப் கோல் ஆனது. கேன்டீனில் பேசினார்கள், வகுப்பில் பேசினார்கள். ஃபேர்வெல் நிகழ்ச்சியில் ஜூனியர்கள் போட்ட நாடகத்தில் ஒருத்தி நான்காம் எண் மாட்டிக்கொண்டு தன் கோலிலேயே பந்தை அடித்தாள். ஹாலே சிரித்தது, கேப்டனும் சிரித்தாள். நான் எழுந்து, அது அவள் தப்பு இல்லை, நான் எழுதிய ஃபார்ம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எழுந்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே போய்விட்டேன். பதினாறாம் எண்ணைக் கையால் அலசி, நிழலில் காயவைத்து, மடித்து அலமாரியில் வைத்துச் சாவியைக் கொடுத்தேன். பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு பத்து வருஷத்தில் நான் நான்கு வேலையும் ஐந்து வீடும் மாறியிருக்கிறேன். இப்போது வைட்ஃபீல்டில் ஒரு அலுவலகம். மீட்டிங்கில் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் ஜன்னலோரம் நடப்பேன், பழகிவிட்டார்கள். கேப்டன் மல்லேஸ்வரத்திலேயே ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிறந்தநாளுக்கு ஒரு வரி வாழ்த்து அனுப்புவோம், கேக் படம் ஒன்று. மற்றபடி பேசியதில்லை. பேசினால் அந்த மேட்சைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இந்த வருஷம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பி.டி. மேடம் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடத்தில் வந்திருக்கும் புது மேடம் பேசினார். சனிக்கிழமை அணியின் கடைசி மேட்ச், நீங்கள்தான் வந்து கீப்பருக்கு மெரூன் கொடுக்க வேண்டும் என்றார். நான் தவறாகப் புரிந்துகொண்டதாக நினைத்தேன். கீப்பருக்கு ஏது மெரூன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். உங்களிடமிருந்து தொடங்கிய வழக்கம்தானே மேடம், வருஷக் கடைசி மேட்சில் அணி வெள்ளையில் ஆடும், கீப்பர் மெரூன் போடுவாள், உங்களுக்கே தெரியாதா என்றார்.

மெட்ரோவில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. கதவோரம் நின்றபடியே போனேன். மைதானத்தில் வெள்ளைச் சட்டை அணிந்து ஒரு அணி நின்றது, பாச்சை உருண்டை வாசனை இல்லாத நல்ல வெள்ளை. மெரூனைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். முதுகில் ஒன்றாம் எண், அதற்கென்றே தைத்தது. இந்தப் பத்து வருஷத்தில் யாரோ மெரூனில் ஒன்றாம் எண் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கினாள். என்னைவிட உயரம். நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஆபீஸ் வராந்தா போட்டோல நடுவுல நிக்கறது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். யார் இந்த வழக்கத்தைச் சொன்னது என்று கேட்டேன். அவளுக்குச் சீனியர்கள் சொன்னார்களாம், சீனியர்களுக்கு அவர்கள் சீனியர்கள். முதலில் சொன்னது அந்த வருஷக் கேப்டன் அக்கா. எங்கள் மேட்சுக்கு அடுத்த ஆகஸ்டில் பிரின்சிபல் சிஸ்டர் அவளை ஜெர்ஸி கொடுக்கும் விழாவுக்கு அழைத்திருக்கிறார். அங்கே மேடையில் நின்று சொன்னாளாம்.

"மூணு வருஷம் நம்ம பின்னாடி தனியா நிக்கறா, ஒரு நாளாவது நம்ம கலர் போடட்டும்னு டீம்ல எல்லாரும் சேந்துதான் முடிவு பண்ணோம்னு சொன்னாங்களாம்க்கா."

 சேர்ந்து முடிவு பண்ணினோம். ஒரு பிஸ்கட் நேரத்தில் நான் தனியாகத் திருடியதை அவள் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்ததாக்கிவிட்டாள். ஸெல்ஃப் கோலைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டாள்.

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, உன் தடுப்பாட்டக்காரிகளிடம் சொல்லிவை, இன்று மெரூனுக்குப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தெரியுமக்கா, ஒரு வாரமாக அதைத்தானே பழகுகிறோம் என்றாள். கடைசி வாரம் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்துக் கொடுக்கும் பயிற்சி. அதுவும் அந்தக் கேப்டன் அக்கா வைத்துவிட்டுப் போன விதிதானாம்.

நான் கேலரிக்குப் பின்னால் போய்க் கேப்டனைப் போனில் அழைத்தேன். பிறந்தநாள் இல்லாத நாளில் என் பெயரைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் எடுத்தாள். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மைதானத்தில் இருக்கிறேன், மெரூன் கொடுத்தேன் என்றேன்.  எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணியதாக ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்றது. நீ கேட்டிருந்தா குடுத்திருப்போம்ல. கேக்காம எடுத்துட்ட. குடுத்ததா வச்சுக்கிட்டேன். ஹோக்லி பிடு."

"விட மாட்டேன். அந்த ஃபார்ம் நான் எழுதினது. கோல் என்னுது. என்னை மன்னிச்சிரு."

பத்து வருஷமாக வாயில் வைத்திருந்தது, சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.  மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, மேட்ச் ஆரம்பித்துவிட்டதா, வைக்காதே, என்ன நடக்கிறதென்று சொல் என்றாள்.

கேலரிக்கு முன்னால் போய் நின்றேன். போனைக் காதில் வைத்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே சொன்னேன். அந்தப் பெண்ணும் போஸ்டுக்குப் போஸ்ட் நடந்துகொண்டிருந்தாள். "மெரூன், மெரூன்" என்று கத்தினார்கள். ஒரு கட்டத்தில் அவர்கள் பாக்ஸின் இடது ஓரத்தில் பந்து வெள்ளை நான்காம் எண்ணின் காலுக்கு வந்தது. முகம் சொந்த கோலைப் பார்த்து, பின்னால் இரண்டு பேர். கீப்பர் நான்கு எட்டு முன்னால் வந்தாள். நான் நடப்பதை நிறுத்தினேன்.

என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று போனில் கேப்டன் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான்காம் எண் தலையைத் தூக்கினாள். பார்த்தாள். பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே அடித்தாள்.

"பாத்தா," என்றேன்.